கைப்பிள்ளை இருக்கிற வீடுகள்

"ஹலோ... ஆமா, மாரீஸ்வரிதான் பேசுறேன்... சொல்லுங்க வின்சி மேடம். நானே உங்களுக்குப் போன் போடணும்னு இருந்தேன், அதுக்குள்ள நீங்க போட்டுட்டீக... இல்ல இல்ல, வேலை ஒண்ணும் இல்ல. சனம் தண்ணி பிடிச்சுக்கிட்டு இருக்கு, நான் சும்மாத்தான் நிக்கிறேன். சொல்லுங்க."

வேலை ஒன்றும் இல்லை என்பது சுத்தப் பொய். பதினொரு மணி வெயிலில் முப்பது குடம் வரிசையில் நின்றன. மூன்றாவது குழாயில் யார் முந்தி என்று இரண்டு பேர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். கருங்காலேந்தல் குடிநீர் நிலையத்தின் சாவி ஐந்து மாதமாக மாரீஸ்வரியின் இடுப்பில்தான் தொங்குகிறது. நிலையம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். ஒரு போர், மேலே ஒரு தொட்டி, கீழே நான்கு குழாய், பக்கத்தில் நீலப் பெயின்ட் அடித்த ஓர் அறை. அறையின் நெற்றியில் ஊற்றுக்கண் அறக்கட்டளை என்று எழுதி, அதற்குக் கீழே நன்கொடை தந்த காசிவிஸ்வநாதன் பெயரையும் எழுதியிருந்தது.

மலேசியாவில் இருக்கும் அந்த மனிதர் வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாக நேரில் வந்து பார்க்கப் போகிறார். காரைக்குடியில் இருக்கும் அறக்கட்டளை ஆபீசிலிருந்து வின்சி கூப்பிட்டால் அது ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் இருக்க வேண்டும் என்று மாரீஸ்வரி முடிவு கட்டிவிட்டாள். அவள் ஒன்றை முடிவு கட்டிவிட்டால் எதிராளிக்கு வாய் திறக்க இடம் கிடைப்பது கஷ்டம்.

"ஞாயித்துக்கிழமைக்கு எல்லாம் சொல்லியாச்சு மேடம். வாழைமரம் ரெண்டு, சீரியல் செட்டு, மைக்கு... பிளக்ஸுலதான் ஒரு சின்னச் சிக்கல். எடம் குடுத்தவுகன்னு வீரபாண்டியன் மாமா தம் படத்தையும் போடச் சொல்றாரு. அதுவும் மலேசியாக்காரர் படத்த விடப் பெருசா... போட்டுட்டுப் போகட்டும், என்ன இப்ப... ஆமா ஆமா, சொல்லுங்க, கேக்குறேன்... அந்தத் தண்ணி சர்டிபிகேட்டு வந்துருச்சா? போன வாரம் நீங்களே வந்து குழாயில பிடிச்சுக்கிட்டுப் போனீகளே, அது. பிரேமு வாங்கி வச்சிருக்கேன். ஆணிகூட அடிச்சாச்சு..."

"வந்துருச்சா? ... ம்... ம்... என்ன மேடம், குரலு ஒரு மாதிரியா இருக்கு? சளி பிடிச்சிருக்கா?"

சளி இல்லை போலிருக்கிறது. மாரீஸ்வரி போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினாள்.

"எந்தப் பாட்டிலு? ... ஓ, மொதமொத லேப்காரர் கொண்டாந்தாரே, அதா? தை மாசம்... ஆமா ஆமா, போரு போட்ட மறுவாரம்... இல்ல மேடம், அவரு பிடிக்கல. அவருக்குக் கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சு. ரெண்டு பாட்டில என் கையில குடுத்துட்டு, விடியப் பிடிச்சு பஸ்ஸுல குடுத்து விடுங்கன்னு போயிட்டாரு... ஆமா, நாந்தான் பிடிச்சேன். லேபிளும் நாந்தான் எழுதுனேன். தலைக்குக் குளிச்சிட்டு, செருப்பு இல்லாமப் போயி, துணி போட்டு வடிகட்டிப் பிடிச்சேன். அதுல ஒரு குத்தம் சொல்ல முடியாது."

"எங்க பிடிச்சேனா? ... ஊருணியிலதான்... ஆமா, ஊருணியில. போருல இல்ல... மேடம்? ஹலோ? ... இருக்கீகளா?"

வின்சி இருந்தாள். காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

வெளியூர்க்காரர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். ஆனால் கருங்காலேந்தலில் ஊர் எல்லையைத் தாண்டிப் போகிற தண்ணீர் எதுவானாலும் அது ஊருணியின் முதல் குடமாகத்தான் இருக்க வேண்டும். பெண்ணைக் கட்டிக் கொடுத்து அனுப்பும்போது அவள் கையில் கொடுக்கிற செம்புத் தண்ணீர் அதுதான். குன்றக்குடிக்கு நடந்து போகிறவர்கள் தோளில் கொண்டுபோவதும் அதுதான். விடிவதற்குள், யாரும் படியில் கால் வைப்பதற்கு முன்னால் மொண்டுவிட வேண்டும்.

அன்றைக்குப் புதுப் போரில் வந்தது டீத்தண்ணீர் நிறத்தில் இருந்தது. அதைப் போய் மதுரை லேப் வரைக்கும் அனுப்பி, இதுதான் எங்கள் ஊர்த் தண்ணீர் என்று காட்டுவது பெண் பார்க்க வந்தவர்களுக்குக் கிழிந்த பாயை விரிப்பது மாதிரி. மாரீஸ்வரி அந்த வேலையைச் செய்வாளா? ஊர் மானத்தை இரண்டு பாட்டிலில் அடைத்து, மூடியை இறுக்கித் திருகி, பஸ் கண்டக்டரிடம் பத்திரம் சொல்லிக் கொடுத்தாள்.

லேப் அந்தத் தண்ணீரை மெச்சி எழுதியது. கொஞ்சம் மருந்து கலந்தால் போதும், சுத்திகரிக்கிற மெஷின் தேவையில்லை என்றது. மெஷினுக்கு வைத்திருந்த நன்கொடையில்தான் அறக்கட்டளை ஒரு குட்டியானை வண்டி வாங்கிக் கொடுத்தது. சுற்றியிருக்கிற குடியிருப்புகளுக்கு வேல்பாண்டி அந்த வண்டியில் கேன் கேனாகத் தண்ணீர் கொண்டுபோகிறான். இவ்வளவும் தன்னால் வந்த நன்மை என்று மாரீஸ்வரிக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை உண்டு. இன்றுவரை அதை யாரிடமும் சொன்னதில்லை.

"கலங்கலா வந்துச்சு மேடம் அன்னைக்கு. அதை எப்பிடி அனுப்புறது? ... தெளிஞ்சு போச்சே இப்ப. கண்ணாடி மாதிரி இருக்கு, இனிப்பாவும் இருக்கு... சரி... சரி மேடம், தப்புத்தான்... என்ன செய்யணும்? ... நிப்பாட்டவா? மோட்டாரையா? இப்பவேவா?"

"ஒரு நிமிசம் இருங்க... ஏத்தா, குழாய மூடுங்க. நாலையும் மூடுங்க. மூடுங்கன்னா மூடுங்க, காரணத்தப் பெறகு சொல்றேன்."

அவள் அறைக்குள் போய் மோட்டாரை நிறுத்தினாள். குடத்துக்காரிகள் சும்மா இருப்பார்களா? சாவி இடுப்பில் ஏறினால் தலையில் கொம்பு முளைத்துவிடுமோ என்று ஒருத்தி கேட்டாள். வேறு நாளாக இருந்தால் மாரீஸ்வரி அதற்கு மூன்று தலைமுறையை இழுத்துப் பதில் சொல்லியிருப்பாள். இப்போது கதவை உள்பக்கமாகச் சாத்திக்கொண்டாள்.

"நிப்பாட்டிட்டேன். இப்பச் சொல்லுங்க, அப்பிடி என்னதான் எழுதியிருக்கு அந்த ரிப்போர்ட்டுல? ... நைட்... நைட்ரேட்டா? அது என்னது? ... உரத்துல இருக்கதா? இங்க யாரு மேடம் உரம் போட்டா, அது சும்மா கெடந்த காடு. வெவசாயமே கெடையாது... இல்ல, சாணி கொட்டுறதும் இல்ல. கெடை போடுற எடம் அது... ஆட்டுக் கெடை. கோடை வந்தா கீதாரிக ஆட்டப் பத்திக்கிட்டு வருவாகல்ல, ராத்திரிக்கு அங்குட்டுத்தான் அடைச்சுப் போடுவாக. ஒரு தடவைக்கு ஆயிரம் ஆடு நிக்கும்... எம்புட்டு நாளாவா? எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து... முப்பது வருசம் இருக்கும்..."

சொல்லச் சொல்ல அவள் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. முப்பது வருஷத்து ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் எங்கே போயிருக்கும் என்று அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை. நிலையத்துக்கு வீரபாண்டியன் அந்த இடத்தை இலவசமாகத் தருகிறார் என்றதும் ஊரே கை தட்டியது.

"அம்புட்டும் கீழ எறங்கியிருக்கா? ... ஆமா... ஆமா மேடம், புரியுது... ஆனா ஊருல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையே. அஞ்சு மாசமாக் குடிக்கிறோம், ஒரு வயித்துவலி இல்ல... பெரியவுகளுக்குத் தெரியாதா? ... பெறகு யாருக்கு? ... கைப்பிள்ளைக்கா?"

அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்த பிறகுதான் அவளுக்கே கேட்டது. வீட்டில் ஒரு கைப்பிள்ளை இருந்தது. தங்கை அபி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அக்காதான் எல்லாம். பிறந்து நாற்பத்தைந்து நாள். அபிக்குப் பால் ஊறாததால் இருபது நாளாகப் பவுடர் பால்.

"ஆமா, அபி புள்ள... ஆமா, பவுடருதான்... இந்தத் தண்ணியிலதான் கலக்குறோம். வேற எந்தத் தண்ணி இருக்கு? ஊருணியத்தான் வைகாசியில தூர் வாரி மண்ணாப் போட்டு வச்சிருக்கே... ஆனா மேடம், நீங்க பயப்படாதீக. காய்ச்சாமக் குடுக்கிறதே இல்ல. நீங்கதானே தெறப்பு விழாவுல மைக்குல சொன்னீக, கைப்பிள்ளைக்குக் காய்ச்சாமக் குடுக்காதீகன்னு. அபி ஒரு கொதி வந்ததும் எறக்கிருவா. நான் விடமாட்டேன். பாதியா வத்துற வரைக்கும் காய்ச்சி, ஆற வச்சு, மறுபடியும் ஒரு தடவ..."

"...என்னது?"

"...காய்ச்சுனாப் போகாதா?"

"...வத்த வத்தக் கூடுமா?"

அறைக்குள் சுவரில் பிரேம் மாட்டுவதற்கு அடித்த ஆணி இருந்தது. மாரீஸ்வரி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏனோதானோவென்று வேலை செய்கிறவள் இல்லை அவள். பால் பாட்டிலைக் கழுவுவதற்கென்று தனி பிரஷ் வாங்கியவள். ஊரில் எந்தப் பிள்ளைக்கும் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்திருக்க மாட்டார்கள்.

"நீங்க அழுகாதீக மேடம். அழுதா எனக்கு ஒண்ணும் வெளங்காது. கேளுங்க, கேக்குறதுக்குச் சொல்றேன்... நல்லாத்தான் இருக்கான். நாலு நாளா அழுகையே இல்ல. முன்னெல்லாம் வீட்ட ரெண்டாக்குவான், இப்பப் படுத்தாப் படுத்த எடம்தான். சமத்தாயிட்டான்னு அபி சொல்லிக்கிட்டே இருக்கா... பாலா? பாதி குடிக்கிறான், பாதியிலயே தூங்கிருவான்... நெறமா? ... அப்பன் நெறம் மேடம், கருப்புத்தான்... பெறந்தப்பவா? ... பெறந்தப்ப செவப்பா இருந்தான்... ஒதடு... ஒதடு கொஞ்சம் நீலம் பாரிச்ச மாதிரி... தோசம் தட்டியிருக்குன்னு முந்தாநேத்து வேப்பிலை அடிச்சோம்..."

"சரி. சரி. போறேன். கட் பண்ணாதீக. நடந்துக்கிட்டே பேசுறேன்."

கதவைத் திறந்து வெளியே வந்தவளின் முகத்தைப் பார்த்ததும் குடத்துக்காரிகள் விலகி வழிவிட்டார்கள்.

"யாரு வீட்டுலயும் கைப்பிள்ளைக்கு இந்தத் தண்ணியக் குடுக்காதீக. காய்ச்சியும் குடுக்காதீக. ஏன்னு கேக்காதீக, தண்ணியில கேடு இருக்கு. லேபுக்குத் தப்பான தண்ணிய அனுப்பிச்சது நாந்தான். வந்து வெளக்கமாச் சொல்றேன், அப்ப என்னைய வையிங்க."

அவள் ஓடவில்லை. ஓடினால் கால் பின்னிக்கொள்ளும் என்று பயந்து, எட்டி எட்டி நடந்தாள். வழியில் ஊருணி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. புது நிலையம் வந்துவிட்ட தைரியத்தில்தான் ஊர் அதை ஜேசிபி விட்டுத் தோண்டிப் போட்டது. மழை ஏமாற்றிவிட்டது. முதல் குடம் மொண்ட படிக்கு நேர் கீழே இப்போது வெடித்த களிமண்தான் இருந்தது.

"போயிக்கிட்டு இருக்கேன் மேடம்... அது என்ன செய்யும் பிள்ளைக்கு? எனக்கு உள்ளதச் சொல்லுங்க... ரத்தத்துல காத்து ஏறாதா? ... மூச்சு விட்டாலுமா? ... மருந்து இருக்கா? ... இருக்கா? பெரியாஸ்பத்திரிக்குப் போனாப் போதுமா? சரி... சரி. அதை மொதல்லயே சொல்லக் கூடாதா நீங்க..."

"ஏ அபி. அபி. கதவத் தெற... புள்ளய இங்குட்டுக் கொண்டா. எதுக்குன்னு கேக்காத... அந்தப் பாட்டில எடு வாயில இருந்து. எடுடி. எம்புட்டுக் குடிச்சான்? ... கீழ ஊத்து. அம்புட்டையும் ஊத்து. அடுப்புல இருக்கதையும் ஊத்து."

தங்கை கையிலிருந்து பிள்ளையை வாங்கி, வாசலுக்குக் கொண்டுவந்து, வெயில் விழுகிற இடத்தில் துணியை விலக்கினாள். வீட்டுக்குள் எப்போதும் இருட்டு. நாலு நாளாக அந்த இருட்டில்தான் பிள்ளையைத் தூக்கினார்கள், கொஞ்சினார்கள். வெளிச்சத்தில் பார்த்தபோது நகமெல்லாம் நாவல் பழத்தைத் தின்ற வாய் மாதிரி இருந்தது.

"மேடம்... நகம் நீலமா இருக்கு. கையிலயும் இருக்கு, கால்லயும் இருக்கு... மூச்சு இருக்கு. வேகமா இழுக்கிறான்... முழிக்க மாட்டேங்கிறான்... கிள்ளுறேன், கிள்ளுறேன்... மொனகுறான். உசுரு இருக்கு மேடம். இருக்கு."

"அபி, ஒப்பாரி வைக்காத. கைலி ஒண்ண எடுத்துக்கிட்டு வா, கிளம்பணும். நீ ஒண்ணும் பண்ணல. தண்ணி நான் காய்ச்சினது. நான் காய்ச்சி நாந்தான் குடுத்தேன்."

"சொல்லுங்க மேடம்... நூத்தியெட்டுக்கு நீங்க அடிச்சிட்டீகளா? எம்புட்டு நேரமாகும்? ... அம்புட்டு நேரமா? ... இருங்க, வேல்பாண்டி அண்ணே வண்டி வருது. நாங்க இதுல மெயின் ரோட்டுக்கு வாரோம், ஆம்புலன்ஸ எதுக்க வரச் சொல்லுங்க. எங்க பாத்தாலும் மாத்தி ஏறிக்கிறோம்."

குட்டியானை புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. வண்டி வந்ததே என்று மாரீஸ்வரிக்கு ஒரு கணம் உயிர் வந்தது. அடுத்த கணமே பின்பக்கம் கேன்கள் கடகடவென்று உருளும் சத்தம் கேட்டது. நிறைந்த கேன் உருளாது. காலையில் வீடுகளுக்குத் தண்ணீர் இறக்குகிற நடையை முடித்துவிட்டு வருகிறான்.

காலை நடையில் தண்ணீர் எந்த வீடுகளுக்கு முதலில் போக வேண்டும் என்று ஏற்பாடு செய்தவளே அவள்தான். கைப்பிள்ளை இருக்கிற வீட்டுக்கு முதல் கேன், அதுவும் இலவசம். நல்ல தண்ணீர் பிள்ளைகளுக்குத்தான் முதலில் சேர வேண்டும் என்று மகளிர் குழுக் கூட்டத்தில் அவள் எழுந்து சொன்னபோது வின்சியே கை தட்டினாள். பட்டியல் எந்த நோட்டிலும் இல்லை. பிரசவம் ஆனதும் முதலில் சேதி வருவது மாரீஸ்வரிக்குத்தான், அவள் வேல்பாண்டியிடம் வாயால் சொல்லி அனுப்புவாள். எந்தப் பிள்ளைக்கு எத்தனை மாதம், தாய்ப்பாலா பவுடரா, எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

"ஏறு அபி, முன்னால ஏறு. புள்ள தலைய நிமித்திப் பிடி... அண்ணே, பெரியாஸ்பத்திரி. ஒண்ணும் கேக்காதீக, மிதிங்க... இன்னைக்கு எல்லாக் கேனும் எறக்கிட்டீகளா? ஏழு வீடுமா?"

வேல்பாண்டி தலையை ஆட்டினான். ஒரு வீடு விடவில்லை என்கிற திருப்தி அவன் முகத்தில் இருந்தது.

"மேடம், லைன்ல இருக்கீகளா? ... பேனா எடுங்க. எடுத்துட்டீகளா? ஏழு வீடு சொல்றேன், ஒண்ணு விடாம எழுதுங்க. உடனே போன் பண்ணுங்க, போன் போகலன்னா ஆள விடுங்க... ஆமா, நம்ம குடுத்த தண்ணிதான். எல்லாருகிட்டயும் காய்ச்சச் சொல்லித்தான் குடுத்திருக்கு... எழுதுங்க. மேலக்குடியிருப்பு, சந்திரலேகா. ரெண்டு மாசம், பொம்பளப் புள்ள, பவுடரு... ஆமா. அடுத்தது அதே தெருவுல கடைசி வீடு, தேவிகா. ரெட்டைப் புள்ளைக. அதுல ஒண்ணு எடை கம்மி, அதை மொதல்ல பாக்கச் சொல்லுங்க..."

வண்டி கண்மாய்க்கரையில் ஏறி மறுபக்கம் இறங்கியது. அபியின் மடியில் பிள்ளை வாயைத் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. மாரீஸ்வரி ஒரு கையால் அதன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டு, இன்னொரு கையால் போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள். எழுதுகிறவளுக்குக் கை ஓட வேண்டுமே என்று ஒவ்வொரு பெயருக்கும் நிறுத்தினாள்.

"சர்ச்சு குடியிருப்பு, இன்பமேரி. அது தாய்ப்பாலுதான், ஆனா தேன் தண்ணி குடுப்பாக, அதையும் நிப்பாட்டச் சொல்லுங்க... பாறைக்காட்டுல மலையம்மா மருமக, இருபது நாளு, அங்க ஒரு போன்தான் உண்டு, அதை மாமனாரு ஆடு மேய்க்கையில கொண்டு போயிருவாரு, ஆளத்தான் விடணும்... அஞ்சாவது, செங்கச்சூளையில வேலை பாக்குற பொண்ணு, வடக்கத்திக்காரப் புள்ள, அதுக்குத் தமிழ் தெரியாது, யாராவது நேருல போயிப் பாட்டிலத் தட்டி விடுங்க... எழுதிக்கிட்டீகளா மேடம்?"

லைன் கண்மாய்க்கரை இறக்கத்தில், தேவிகா வீட்டோடு அறுந்திருந்தது. மாரீஸ்வரி ஆறாவது வீட்டைச் சொல்ல ஆரம்பித்தாள்.